ஆத்தூரைச் சுற்றியுள்ள ஒரு நாள் பயணத் தலங்கள்: ஒரு வரலாற்றுப் பார்வை

ஆத்தூர், சேலம் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் வசிட்ட நதிக்கரையில் அமைந்த நகரம். சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், சேலத்துக்குக் கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கல்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை, சேர்வராயன் மலை ஆகிய நான்கு மலைத்தொடர்களுக்கும் இங்கிருந்து காலையில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். ஜவ்வரிசி ஆலைகளுக்கும் மரவள்ளிக்கிழங்குச் சந்தைக்கும் பெயர்பெற்ற இந்த ஊர், அண்மைக் காலமாகச் சுற்றுலாப் பயணிகள் தங்கிச் செல்லும் இடமாகவும் மாறி வருகிறது.

இந்தப் பயணத் தலங்களில் பெரும்பாலானவை சுற்றுலாவுக்காகத் தோன்றியவை அல்ல. கணவாயைக் காக்கக் கோட்டை எழுந்தது. காப்பி பயிரிட ஏற்காட்டு மலை திறக்கப்பட்டது. பாசனத்துக்காக அணைகள் கட்டப்பட்டன. கல்வராயன் மலை நெடுங்காலம் ஜாகிர்தார்களின் ஆட்சியில் இருந்தது. இன்று ஒரு நாளில் கண்டு திரும்பும் காட்சிகளுக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றில் மலைகளில் வாழும் மக்களுக்கு முக்கிய இடம் உண்டு.

அமைவிடம்

ஆத்தூருக்கு வடக்கே கல்வராயன் மலையும், தெற்கிலும் தென்கிழக்கிலும் பச்சைமலையும், தென்மேற்கே கொல்லிமலையும், மேற்கே சேலத்தை ஒட்டிச் சேர்வராயன் மலையும் உள்ளன. இவை அனைத்தும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் பகுதிகள். இவற்றுக்கு நடுவே கிழக்கு மேற்காக நீளும் சமவெளியே ஆத்தூர்க் கணவாய். கடற்கரைச் சமவெளியிலிருந்து சேலத்துக்கும், அங்கிருந்து மைசூர், கொங்கு நாடு ஆகிய பகுதிகளுக்கும் செல்வோர் மலை ஏறாமல் கடக்க இந்த இடைவெளி உதவியது. இன்றைய நெடுஞ்சாலையும் சேலம் விருத்தாசலம் இருப்புப்பாதையும் இதன் வழியாகவே செல்கின்றன.

இந்தச் சமவெளியில் இரண்டு ஆறுகள் ஓடுகின்றன. கல்வராயன் மலையில் தோன்றும் வசிட்ட நதி பேளூர், ஏத்தாப்பூர், ஆத்தூர், ஆறகளூர் வழியாகக் கிழக்கே செல்கிறது. கொல்லிமலைப் பகுதியில் தோன்றும் சுவேத நதி தம்மம்பட்டி, கெங்கவல்லி, வீரகனூர் வழியாக ஓடுகிறது. இரண்டும் கலந்து வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டை அருகே வங்கக் கடலை அடைகின்றன. ஆற்றங்கரையில் அமைந்த ஊர் என்பதால் ஆற்றூர் என வழங்கிப் பின்னர் ஆத்தூர் என மருவியதாகக் கூறுவர்.

ஆத்தூர்க் கோட்டை

கணவாயைக் கையில் வைத்திருப்பவரே சேலத்துக்கான கிழக்கு வாசலைக் கையில் வைத்திருப்பவர். ஆத்தூர்க் கோட்டை எழுந்ததற்கு இதுவே காரணம். தாரமங்கலத்தைத் தலைநகராகக் கொண்ட கெட்டி முதலிகளின் ஆட்சிப் பகுதியில் ஆத்தூர் இருந்தது. கோட்டையைக் கட்டியவர் இலட்சுமண நாயக்கர் என்ற பாளையக்காரர் என்பது மரபு. கோட்டை சுமார் 62 ஏக்கர் பரப்பு கொண்டது. அதன் மதில் ஏறத்தாழ 30 அடி உயரமும் 15 அடி அகலமும் உடையது.

பதினெட்டாம் நூற்றாண்டில் மைசூர் அரசுக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த போர்களில் கோட்டை பலமுறை கைமாறியது. முதல் மைசூர்ப் போரின்போது 1768இல் ஆங்கிலேயர் இதைப் பிடித்தனர். விரைவிலேயே ஐதர் அலி மீட்டுக்கொண்டார். மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில் 1792இல் ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி சேலமும் பாராமகாலும் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்றன. அப்போது ஆத்தூரும் கம்பெனி வசமானது. மைசூரின் வீழ்ச்சிக்குப் பிறகு கணவாயைக் காக்கவேண்டிய தேவை குறைந்தது. கோட்டையின் முக்கியத்துவமும் அதனுடன் மங்கியது. இன்று அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. கோட்டைக்குள் குடியிருப்புகளும் கோயில்களும் இருப்பதால் மதில்களுக்கு நடுவே அன்றாட வாழ்க்கையும் தொடர்கிறது. காயநிர்மலேஸ்வரர் கோயில் அங்கு காணத்தக்கது.

வசிட்ட நதிக்கரைத் தலங்கள்

மலை ஏறாமல் ஒரு நாளைச் செலவிட விரும்புவோர்க்கு வசிட்ட நதிக்கரை ஏற்றது. இந்நதிக்கரையில் உள்ள ஐந்து சிவாலயங்களை ஐம்பூதத் தலங்களாகக் கருதுவது இப்பகுதி வழக்கம். பேளூர் தான்தோன்றீஸ்வரர் கோயில் நிலத்துக்கும், ஏத்தாப்பூர் சாம்பமூர்த்தீஸ்வரர் கோயில் நீருக்கும், ஆத்தூர் காயநிர்மலேஸ்வரர் கோயில் நெருப்புக்கும், ஆறகளூர் காமநாதீஸ்வரர் கோயில் காற்றுக்கும், கூகையூர் சொர்ணபுரீஸ்வரர் கோயில் ஆகாயத்துக்கும் உரியவை. வசிட்ட முனிவர் வழிபட்ட தலங்கள் என்று தலபுராணங்கள் சொல்கின்றன. மேற்கே பேளூரில் தொடங்கிக் கிழக்கே கூகையூரில் முடித்தால், ஆற்றின் போக்கிலேயே ஒரு நாள் பயணம் அமையும்.

இவற்றுள் வரலாற்று மாணவர்க்கு முக்கியமானது ஆறகளூர். தலைவாசலுக்கு அருகில் உள்ள இந்தச் சிற்றூர், பிற்காலச் சோழர் காலத்தில் மகதை மண்டலத்தை ஆண்ட வாணகோவரையர்களின் தலைநகராக இருந்தது. அவர்களுள் பொன்பரப்பின வாணகோவரையன் புகழ்பெற்றவன். ஆறு அகழிகள் சூழ்ந்த ஊர் என்பதே ஆறகளூர் ஆனது என்று பெயர்க்காரணம் கூறப்படுகிறது. காமநாதீஸ்வரர் கோயிலின் எட்டுப் பைரவர்களை வழிபடத் தேய்பிறை அட்டமி நாட்களில் கூட்டம் கூடுகிறது.

ஆறகளூருக்கு அருகில் உள்ள தியாகனூரில் தியான நிலையில் அமர்ந்த பெரிய புத்தர் சிலைகள் உள்ளன. இவை இப்பகுதியில் பௌத்தம் நிலவியதற்கான சான்றுகள். இந்தத் தொடர்ச்சியில் சேலம் நகரின் தலைவெட்டி முனியப்பன் கோயிலையும் குறிப்பிடலாம். அங்கு முனியப்பனாக வழிபடப்பட்டு வந்த சிலை புத்தர் சிலையே என்று தொல்லியல் ஆய்வின் அடிப்படையில் சென்னை உயர் நீதிமன்றம் 2022இல் கூறியது.

அதே ஆண்டு ஏப்ரல் 6 அன்று, ஏத்தாப்பூர் அருகே புத்திரகவுண்டன்பாளையத்தில் 146 அடி உயர முத்துமலை முருகன் சிலைக்குக் குடமுழுக்கு நடந்தது. மலேசியாவின் பத்துமலையில் 2006இல் திறக்கப்பட்ட 140 அடி முருகன் சிலையைவிட இது 6 அடி உயரம் கூடியது. நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும் இச்சிலை, ஆத்தூர்ப் பகுதிக்கு வெளியூர்ப் பயணிகளைப் பெருமளவில் ஈர்த்துள்ளது. ஆத்தூரை அடுத்த காட்டுக்கோட்டைக்கு அருகிலுள்ள வடசென்னிமலை பாலசுப்பிரமணியர் கோயில் இப்பகுதி மக்களுக்கு இதற்கு முன்பே பழக்கமான முருகத் தலமாகும்.

மலைகளில் வாழும் மக்கள்

நான்கு மலைகளிலும் பெரும்பான்மையாக வாழ்வோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். மலையை ஆள்வோர் என்ற பொருளில் அமைந்த பெயர் இது. கேரளத்தின் மலையாள மொழியுடன் இதற்குத் தொடர்பில்லை. இவர்கள் பேசுவது தமிழே. காஞ்சிபுரத்திலிருந்து வந்த பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று சகோதரர்களின் வழிவந்தவர்கள் தாங்கள் என்று இவர்களின் வாய்மொழிக் கதை கூறுகிறது. மூத்தவர் சேர்வராயன் மலைக்கும், நடுவர் பச்சைமலைக்கும், இளையவர் கொல்லிமலைக்கும் சென்றதாகக் கதையின் ஒரு வடிவம் சொல்கிறது.

மலை ஊர்கள் பலவும் இன்றும் நாடு என்ற பெயரால் வழங்குகின்றன. கொல்லிமலையில் வளப்பூர்நாடு, குண்டூர்நாடு, சேலூர்நாடு. பச்சைமலையில் வண்ணாடு, கோம்பைநாடு, தென்பரநாடு. கல்வராயன் மலையில் வடக்குநாடு, தெற்குநாடு என்பன சில. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊர்களின் தொகுதியைக் குறித்த நாடு என்ற சொல், சமவெளி நிர்வாகத்தில் மறைந்த பின்னும் மலைகளில் நிலைத்துள்ளது.

ஆனைவாரி முட்டல்

ஆத்தூரிலிருந்து மிக எளிதில் சென்றுவரத்தக்க இடம் ஆனைவாரி முட்டல். முல்லைவாடி வழியாகக் கல்வராயன் மலை அடிவாரத்தை அடைந்தால் முட்டல் ஏரியும், காட்டுக்குள் ஆனைவாரி அருவியும் உள்ளன. வனத்துறை இதைச் சூழல் சுற்றுலாத் தலமாக நடத்துகிறது. ஏரியில் படகுச் சவாரி உண்டு. அரை நாளில் பார்த்துவிடலாம் என்பதால் குடும்பத்துடன் வருவோர் இங்கு அதிகம்.

அருவியின் ஆபத்தையும் இந்த இடமே நாட்டுக்குக் காட்டியது. 2021 அக்டோபரில் மலையில் பெய்த மழையால் அருவியில் திடீர் வெள்ளம் வந்தது. குழந்தையுடன் பாறையில் சிக்கிய ஒரு பெண்ணைச் சிலர் உயிரைப் பணயம் வைத்து மீட்ட காட்சி பரவலாகப் பகிரப்பட்டது. அடிவாரத்தில் வெயில் அடித்தாலும் மேலே பெய்யும் மழை சில நிமிடங்களில் அருவியைப் பெருக்கிவிடும். மழைக்காலத்தில் வனத்துறை அருவியை மூடுவதற்குக் காரணம் இதுதான்.

கல்வராயன் மலை

பெத்தநாயக்கன்பாளையத்திலிருந்து வடக்கே திரும்பி, தும்பல் வழியாக மலை ஏறினால் கருமந்துறையை அடையலாம். மலைத்தொடரின் மேற்குப் பகுதி சேலம் மாவட்டத்திலும், கிழக்குப் பகுதி 2019இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் உள்ளன. வடபகுதி சின்னக் கல்வராயன் என்றும், உயரம் மிகுந்த தென்பகுதி பெரிய கல்வராயன் என்றும் வழங்குகின்றன. கருமந்துறையில் அரசின் தோட்டக்கலைப் பண்ணை உள்ளது. மலைமேல் கிழக்கே சென்றால் வெள்ளிமலை, கரியாலூர் படகுத்துறை, பெரியார் அருவி, மேகம் அருவி ஆகியவற்றைக் காணலாம். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு இறங்கி, கோமுகி அணையைப் பார்த்துவிட்டு, கள்ளக்குறிச்சி, சின்னசேலம் வழியாக ஆத்தூர் திரும்பினால் ஒரு முழு நாள் வட்டப் பயணம் நிறைவுறும்.

இந்தச் சாலைகளின் வரலாறு நீண்டது அன்று. கல்வராயன் மலை சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் ஆகிய மூன்று ஜாகிர்களாகப் பிரிந்திருந்தது. விஜயநகர அரசு தங்கள் முன்னோர்க்கு வழங்கிய உரிமை என்று ஜாகிர்தார் குடும்பங்கள் கூறிவந்தன. ஆங்கிலேயர் ஆட்சியிலும் இந்த ஏற்பாடு தொடர்ந்தது. மலைமக்கள் அரசுக்கு வரி செலுத்தவில்லை, ஜாகிர்தார்களுக்கே செலுத்தினர். தாங்கள் உழுத நிலத்துக்கு அவர்களிடம் பட்டா இல்லை.

நாடு விடுதலை பெற்ற பிறகும் நிலைமை உடனே மாறவில்லை. இனாம் எஸ்டேட்டுகளை ஒழிக்கும் சட்டம் தமிழகத்தில் 1963இல் வந்தது. ஜாகிர்தார்கள் வழக்குத் தொடுத்தனர். நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பிறகு, 1976 ஜூன் 25 அன்றுதான் மலை அரசின் நேரடி நிர்வாகத்தின் கீழ் வந்தது. விடுதலைக்கும் இந்த நாளுக்கும் இடையே ஏறக்குறைய 29 ஆண்டுகள் கடந்திருந்தன. வாக்குரிமை கிடைக்க மேலும் 20 ஆண்டுகள் ஆயின. மலைமக்கள் 1996இல்தான் முதன்முறையாக வாக்களித்தனர் என்ற செய்தி பின்னர் நீதிமன்ற விசாரணையில் பேசப்பட்டது.

அந்த விசாரணைக்குக் காரணமானது ஒரு துயர நிகழ்வு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதைத் தொடர்ந்து கல்வராயன் மலைப் பகுதியின் வாழ்வாதாரம் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. சாலை, பள்ளி, மருத்துவ வசதி, நியாயவிலைக் கடை ஆகிய அடிப்படைத் தேவைகள் மலையூர்களுக்குச் சென்று சேர்ந்துள்ளனவா என்று நீதிபதிகள் அரசிடம் கேட்டனர்.

நில உரிமைச் சிக்கலும் முழுமையாகத் தீரவில்லை. காடுகளில் வாழ்வோரின் உரிமைகளை ஏற்கும் வன உரிமைச் சட்டம் 2006இல் நிறைவேறியது. தமிழகத்தில் நீதிமன்ற இடைக்கால ஆணை ஒன்றால் உரிமைப் பட்டயங்கள் வழங்குவது தடைப்பட்டிருந்தது. அத்தடை 2016இல் நீங்கிய பின்னரே பட்டயங்கள் வழங்கும் பணி நடைமுறைக்கு வந்தது. அருவிக்குச் செல்லும் தார்ச் சாலை ஓர் ஊரைக் கடந்து செல்வதால் மட்டும் அந்த ஊருக்குப் பட்டாவும் மருத்துவமனையும் கிடைத்துவிடுவதில்லை என்பதைக் கல்வராயன் மலையின் வரலாறு காட்டுகிறது.

கொல்லிமலை

ஆத்தூரிலிருந்து மல்லியகரை, மங்களபுரம் வழியாக முள்ளுக்குறிச்சியை அடைந்து கொல்லிமலை ஏறலாம். நாமக்கல், சேந்தமங்கலம் பக்கமிருந்து வருவோர் காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கும் புகழ்பெற்ற சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கவேண்டும். மலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது.

நான்கு மலைகளில் சங்க இலக்கியத்தில் மிகுதியாகப் பேசப்படுவது கொல்லிமலையே. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி இம்மலையை ஆண்டான். அவனைத் திருமுடிக்காரி கொன்று, மலையைச் சேரனுக்கு அளித்த செய்தி அகநானூற்றில் உள்ளது. காண்போரை மயக்கிக் கொல்லும் கொல்லிப்பாவை பற்றிய குறிப்புகளும் சங்கப் பாடல்களில் உண்டு. செம்மேட்டில் ஓரிக்குச் சிலை உள்ளது. ஒவ்வோர் ஆண்டும் ஆடி 17, 18 நாட்களில் அரசு சார்பில் வல்வில் ஓரி விழா நடைபெறுகிறது.

அறப்பள்ளி எனத் தேவாரத்தில் குறிக்கப்படும் அறப்பளீஸ்வரர் கோயில், ஐயாற்றின் கரையில் உள்ளது. அம்பலவாணக் கவிராயர் இயற்றிய அறப்பளீசுர சதகம் இத்தல இறைவனை முன்னிலைப்படுத்தியது. கோயிலுக்கு அருகிலிருந்து படிகளில் இறங்கினால், ஐயாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் ஆகாய கங்கை அருவியை அடையலாம். இறங்குவது எளிது, திரும்பி ஏறுவது கடினம். மூட்டுவலி, இதய நோய் உள்ளோர் இதைக் கருத்தில் கொள்ளவேண்டும்.

மிளகு, காப்பி, பலா ஆகியவற்றுடன் சாமை, தினை, கேழ்வரகு போன்ற சிறுதானியங்களும் கொல்லிமலையில் விளைகின்றன. சமவெளியில் ஜவ்வரிசிக்குத் தேவை பெருகியபோது மலையிலும் மரவள்ளி பரவியது; சிறுதானியப் பரப்பு சுருங்கியது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து மலைமக்களுடன் சேர்ந்து பழைய சிறுதானிய வகைகளைக் காக்கும் பணியைச் செய்துவருகிறது.

பச்சைமலை

பச்சைமலை சேலம், திருச்சிராப்பள்ளி, பெரம்பலூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. துறையூர் பக்கம் சோபனபுரத்திலிருந்து டாப்செங்காட்டுப்பட்டிக்கு மலைச்சாலை செல்கிறது. ஆத்தூரிலிருந்து கெங்கவல்லி, தம்மம்பட்டி வழியாக இப்பக்கம் வரலாம். மங்களம் அருவி, கோரையாறு அருவி, மயிலூற்று அருவி ஆகியவை மழைக்குப் பின் அழகுறும். கடைகளும் விடுதிகளும் குறைவு என்பதால் அமைதியை விரும்புவோர்க்கு உகந்த மலை இது.

அடிவார ஊர்களில் மரச்சிற்பக் கலை செழித்துள்ளது. தம்மம்பட்டியிலும், பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரிலும் கோயில் தேர்களுக்கும் வாகனங்களுக்கும் உருவங்கள் செதுக்கும் குடும்பங்கள் வாழ்கின்றன. அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஏற்காடு

ஏற்காடு சேர்வராயன் மலையில் சுமார் 1,515 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏரி, காடு என்ற இரு சொற்களிலிருந்து பெயர் அமைந்தது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலை வழக்கமானது. ஆத்தூரிலிருந்து வருவோர் சேலம் நகருக்குள் செல்லாமல், அயோத்தியாப்பட்டணம், குப்பனூர் வழியாகவும் மலை ஏறலாம்.

1820களில் சேலம் ஆட்சியராக இருந்த டேவிட் காக்பர்ன் இங்கு காப்பியையும் பேரி, ஆப்பிள் போன்ற பழமரங்களையும் அறிமுகப்படுத்தினார். அதன் பிறகு மலைச்சரிவுகள் ஐரோப்பியரின் தோட்டங்களாயின. அங்கு முன்பு புன்செய்ப் பயிர் செய்தவர்களில் பலர் தோட்டத் தொழிலாளர் ஆயினர். பல்லாவரத்தில் 1863இல் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த நிலவியலாளர் இராபர்ட் புரூசு ஃபூட், தம் பிற்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தார். ஏரி, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிடுத் தோட்டம், கிளியூர் அருவி, மலையுச்சியிலுள்ள சேர்வராயன் குகைக்கோயில் ஆகியவை காணத்தக்கவை. இம்மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் கனிமம் வெட்டியெடுக்கப்பட்டதன் தடங்கள் இன்னும் உள்ளன.

ஆறும் அணைகளும்

வாழப்பாடி அருகே புழுதிக்குட்டையில் உள்ள ஆனைமடுவு அணை சுமார் 67 அடி உயரமும் 267 மில்லியன் கன அடி கொள்ளளவும் கொண்டது. பாப்பநாயக்கன்பட்டியில் உள்ள கரியகோயில் அணை சுமார் 52 அடி உயரமும் 190 மில்லியன் கன அடி கொள்ளளவும் கொண்டது. இரண்டும் கல்வராயன் மலை நீரைத் தேக்கி வசிட்ட நதிப் பகுதிக்குப் பாசனம் தருகின்றன. பின்னணியில் மலை தெரியும் இந்த நீர்த்தேக்கங்கள் மாலைப் பொழுதுக்கு ஏற்றவை.

அணையில் தெளிந்திருக்கும் நீர், நகரத்தை அடையும்போது அப்படி இருப்பதில்லை. வீட்டுக் கழிவுநீரும், ஜவ்வரிசி ஆலைக் கழிவும் வசிட்ட நதியை நெடுங்காலமாக மாசுபடுத்தி வருகின்றன. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடும் அத்தொழில் நிலைக்க வேண்டுமானால், கிழங்கைக் கழுவும் நீரைச் சுத்திகரித்த பின்னரே வெளியேற்ற வேண்டும். கல்வராயன் மலை அருவியில் குளித்துவிட்டு ஆத்தூர்ப் பாலத்தைக் கடக்கும் பயணி, ஒரே ஆற்று நீரின் இரு நிலைகளை ஒரே நாளில் காண்கிறார்.

பயணக் குறிப்புகள்

வடகிழக்குப் பருவமழைக்குப் பின், நவம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை அருவிகளில் நீரும் மலையில் இதமான குளிரும் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் பல அருவிகள் வறண்டுவிடும்; ஏற்காட்டில் மே மாதத்தில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடைபெறும். ஒரு நாளுக்கு ஒரு மலை என்று வைத்துக்கொள்வது நல்லது. மலைச்சாலைகளில் இருட்டும் முன் இறங்கிவிட வேண்டும். எரிபொருளை அடிவாரத்திலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். மேலேறும் வாகனத்துக்கு வழிவிடுவது மலைச்சாலை மரபு.

காட்டுக்குள் மதுவும் நெகிழிப் பைகளும் கொண்டுசெல்லக் கூடாது. மலைக் கோயில்களுக்குள் செல்லுமுன் ஊராரிடம் கேட்பது முறை. மலைச்சந்தைகளில் மிளகு, தேன், சாமை, பலா ஆகியவற்றை விளைவித்தவரிடமே நேரடியாக வாங்கினால், பயணியின் பணத்தில் ஒரு பங்கு அந்த மலையிலேயே தங்கும்.